ஒரு வரி குறையும்

நான் யாருக்கும் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. முழுதாகக் கொடுத்ததும் இல்லை. இதை இப்போது ஒப்புக்கொள்வதற்குக் காரணம் நான் திருந்திவிட்டேன் என்பதல்ல. என் நாத்தனார் மெர்சி இதை ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

இந்தக் குணம் அம்மா வழி. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சர்ச்சுக்கு வருகிற பெண்கள் மத்தியில் அம்மாவின் அச்சு முறுக்குக்குத் தனி மரியாதை இருந்தது. டிசம்பர் பிறந்தால் யாராவது ஒருத்தி பக்குவம் கேட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். அம்மா முகம் கோணாமல் எல்லாவற்றையும் சொல்வாள். பச்சரிசி மாவு எவ்வளவு, தேங்காய்ப் பால் எவ்வளவு, முட்டை எத்தனை, சீனி, எள் எல்லாம் அளவு பிசகாமல் வரும். வந்தவள் எழுதிக்கொள்ள என் பேனாவையே பிடுங்கிக் கொடுப்பாள். ஒன்றை மட்டும் சொல்ல மாட்டாள். மாவில் முக்குவதற்கு முன்னால் அந்த இரும்பு அச்சைக் காய்ந்த எண்ணெயில் போட்டு நன்றாகச் சுட வைக்க வேண்டும். சுடாத அச்சில் மாவு பிடிக்காது, வழிந்து ஓடிவிடும்.

மறுநாள் அவள் திரும்பி வருவாள். "அக்கா, நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். மாவு அச்சுல நிக்கவே மாட்டேங்கு."

"அது கைராசி தாயி," என்பாள் அம்மா, மிகுந்த அனுதாபத்தோடு.

அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். இது பாவமில்லையா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "பொய் சொல்லாதன்னுதான் போட்டிருக்கு. எல்லாத்தையும் சொல்லுன்னு எங்க போட்டிருக்கு?" என்று அம்மா கேட்டாள். அப்பா வேதாகமத்தில் தேடப் போனவர், இன்றுவரை திரும்பி வந்து பதில் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு, தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் போய், உரக்கடை மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டிபேஸ் என்கிற புரோகிராம் மொழி படித்தேன். படித்தேன் என்பது பெரிய வார்த்தை. எழுதி எடுத்தேன். கம்ப்யூட்டர் மூன்று, நாங்கள் பதினெட்டுப் பேர். செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போனால் ஆளுக்கு அரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் நோட்டும் பேனாவும்தான்.

அப்படித்தான் எனக்கு அந்தச் சேகரிப்புப் பித்து பிடித்தது. காக்கி அட்டை போட்ட இருநூறு பக்க நீள நோட்டு ஒன்று வைத்திருந்தேன். சென்டர் சார் கரும்பலகையில் எழுதுவது, யாரோ மதுரையிலிருந்து கொண்டுவந்த ஜெராக்ஸ் காகிதத்தில் இருப்பது, திரையில் யாரோ விட்டுவிட்டுப் போனது என்று கண்ணில் பட்ட புரோகிராமையெல்லாம் அதில் இறக்கிவிடுவேன். தலைப்பை நடுவில் கொண்டுவர ஒன்று, தேதியை நம் ஊர் வழக்கப்படி திருப்பிப் போட ஒன்று, எண்ணை எழுத்தாக்க ஒன்று, பெயர்களை அகர வரிசையில் அடுக்க ஒன்று, பட்டியலில் இருக்கிற எல்லோருடைய விலாசத்தையும் அச்சடிக்க ஒன்று. இவ்வளவையும் சேர்த்தேனே ஒழிய, ஒன்றாவது ஏன் வேலை செய்கிறது என்று யோசித்ததில்லை. (தபால்தலை சேர்க்கிறவன் கடிதமா எழுதுகிறான்?)

நோட்டின் புகழ் பரவியது. ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். நான் நோட்டைக் கையில் கொடுக்க மாட்டேன். "இருங்க, நானே எழுதித் தாரேன்" என்று சொல்லி, வெள்ளைத் தாளில், அடிக்கோடெல்லாம் போட்டு, முத்து முத்தாக எழுதித் தருவேன். எவ்வளவு நல்ல பிள்ளை என்று சென்டரே பேசியது. அந்த நல்ல பிள்ளை ஒவ்வொரு புரோகிராமிலும் ஒரே ஒரு வரியை விட்டுவிடும். எந்த வரியை விட்டேன் என்பது மறந்துவிடக் கூடாதே என்று, என் நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளும்.

வாங்கிப் போனவர்கள் மறுநாள் முகம் வாடி வருவார்கள். "நீ எழுதிக் குடுத்த மாதிரிதான் அடிச்சேன், ஓடவே மாட்டேங்குதே." நான் அம்மாவின் அதே முகத்தை வைத்துக்கொண்டு, "மூணாம் நம்பர் மிஷின்ல போட்டீங்களா? அதுக்குக் கொஞ்சம் கோளாறு உண்டு" என்பேன். ஒரு பையன் மனம் வெறுத்துப் படிப்பை நிறுத்திவிட்டுக் கீழே உரக்கடையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அதில் என் பங்கு எவ்வளவு என்று தெரியவில்லை. பிற்பாடு கடையையே விலைக்கு வாங்கினான் என்று கேள்வி.

அதிகமாக எழுதி வாங்கியவள் மெர்சி. ராஜபாளையத்துக்காரி. அப்பா ஒரு மில்லில் ஃபிட்டர். அவளும் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்பதால் மத்தியானம் சேர்ந்து சாப்பிடுவோம். நான் எழுதித் தந்தது ஓடவில்லை என்று ஒருமுறைகூட அவள் திரும்பி வந்து சொன்னதில்லை. வாங்கும்போது "ரொம்ப தேங்க்ஸ்ட்டி" என்பாள், அவ்வளவுதான். பாவம், வீட்டில் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த டிசம்பரில், பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு ஃபேக்டரிக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதை ஓட்ட ஒரு ஆள் வேண்டும் என்று சென்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். சார் இரண்டு பேரை அனுப்பினார்: நான், மெர்சி. வேலை ஒன்றே ஒன்று. அப்பாவுக்கு அடுத்த மே மாதம் ரிடையர்மென்ட். தம்பி அப்போதுதான் பாலிடெக்னிக் சேர்ந்திருந்தான். அந்த வேலை எனக்குக் கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு அப்பா அண்டை வீட்டில் சொல்லியும் விட்டார். எனக்கும் சந்தேகமில்லை. பரீட்சையில் நோட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபேக்டரியில் சொல்லியிருந்தார்கள். நோட்டு என்று வந்துவிட்டால் ராஜபாளையத்தில் என்னை மிஞ்ச யார் இருக்கிறார்கள்?

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் காலை பரீட்சை. விடிந்ததும் நோட்டைத் தேடினேன். அலமாரியில் இல்லை, மேஜையில் இல்லை.

"எம்மா, என் காக்கி நோட்டு எங்க?"

"எந்த நோட்டுட்டி?"

"அதாம்மா, இங்கிலீஷ்ல எழுதி வச்சிருப்பேன்ல."

அம்மா அடுக்களையிலிருந்தே பதில் சொன்னாள். "அதுவா. பாதிப் பாதி வரியா எழுதி எழுதி விட்டிருந்த. ஒண்ணும் ஒரு வாக்கியமா முடியல. பழைய நோட்டுன்னு நெனச்சேன்."

பழைய நோட்டென்றால் அம்மா தாளைக் கிழித்துப் பலகார டின்னுக்கு அடியில்தான் போடுவாள். முறுக்கு டின்களைத் திறந்தேன். சிவப்புப் புள்ளி வைத்த என் இரண்டு வருடச் சேகரிப்பு, ஒவ்வொரு டின்னின் அடியிலும் வட்டமாக மடிந்து எண்ணெய் குடித்துக் கொண்டிருந்தது. சில தாள்களில் எழுத்து தெரிந்தது. அவற்றில் முறுக்கின் பூ வடிவம்தான் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு டின்கள் ஏற்கெனவே பாஸ்டர் வீட்டுக்குப் போயிருந்தன. எனக்கு அழுகையாக வந்தது. அழுதேன். அம்மா ஒரு முறுக்கைக் கையில் கொடுத்து, "சாப்புட்டுப் போட்டி, வெறும் வயித்தோட போகக்கூடாது" என்றாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மெர்சியின் ஞாபகம் வந்தது. நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் அவளிடம் இருக்குமே. அவளுக்கும் வரியை விட்டிருப்போமோ என்று ஒரு நிமிஷம் உறுத்தியது. சேச்சே, எத்தனை நாள் அவள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டிருக்கிறோம், மெர்சிக்குப் போய் அப்படிச் செய்திருப்போமா என்று எனக்கு நானே நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். நேராக அவள் வீட்டுக்குப் போனேன். மெர்சி தலை பின்னிக் கொண்டிருந்தாள்.

"ஏட்டி மெர்சி, நான் எழுதிக் குடுத்ததெல்லாம் வச்சிருக்கியா?"

அவள் பாதிப் பின்னலோடு உள்ளே போனாள். உள்ளே இரண்டு விதமாகத் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. (இதை அப்போது கவனிக்கவில்லை. இருபது வருஷம் கழித்துத்தான் காதில் கேட்கிறது.) வெளியே வந்து, என் கையெழுத்தில் இருந்த வெள்ளைத் தாள்களை மடிப்புக் கலையாமல் நீட்டினாள். "இந்தா. நீ எழுதுனதே இருக்கு. உன் கையெழுத்துன்னா உனக்கு வாசிக்க லேசா இருக்கும்."

ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றினோம். உள்ளே முதலாளியும் கணக்குப்பிள்ளையும் இருந்தார்கள். முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவர் கணக்குப்பிள்ளையிடம் தெலுங்கிலும் எங்களிடம் தமிழிலும் ஒரே மூச்சில் பேசினார்.

"பரீட்சையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. தையில என் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அனுப்ப வேண்டிய விலாசத்தையெல்லாம் இவர் ஒரு மாசமா உக்காந்து உள்ள ஏத்தி வச்சிருக்காரு. அதை இந்த ஸ்டிக்கர்ல அச்சடிச்சுக் குடுக்கணும். நோட்டப் பாத்துக்கிடுங்க, எனக்கு ஆட்சேபண இல்ல. யார் மொதல்ல?"

நான்தான் முதலில். மெர்சி கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். விலாசம் அச்சடிக்கிற புரோகிராம் என்றதும் எனக்கு ரெக்கை முளைத்தது. தாளைப் பிரித்து வைத்து, வரி பிசகாமல் அடித்தேன். முதல் வரியாக எஸ்கேப் விசையை வேலை செய்யாமல் ஆக்குகிற கட்டளையைப் போட்டேன். ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமை யாரும் பாதியில் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகப் பெரிய புரோகிராமர்கள் அப்படிச் செய்வார்களாம். நானும் பெரிய புரோகிராமர் அல்லவா? அந்த வரியை மட்டும் யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் நான் விட்டதே இல்லை.

ஓட்டினேன். பிரிண்டர் கர்ரென்று ஒரு இழுப்பு இழுத்து, முதல் ஸ்டிக்கரைத் தள்ளியது. வேலுச்சாமி, மேலத்தெரு, கான்சாபுரம். முதலாளி கிழித்துப் பார்த்து, "பரவால்லியே" என்றார். அந்தப் பாராட்டு நான்கு விநாடி நீடித்தது. இரண்டாவது ஸ்டிக்கர் வந்தது. வேலுச்சாமி, மேலத்தெரு, கான்சாபுரம். மூன்றாவதும் அவரேதான்.

அந்தப் புரோகிராமில் ஸ்கிப் என்று ஒரு சொல் வர வேண்டும். ஒரு ஆளை அச்சடித்தாயிற்று, அடுத்த ஆளிடம் போ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சொல். அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் முதல் ஆளின் வாசலிலேயே நின்றுகொண்டு அவரையே கூப்பிட்டுக் கொண்டிருக்கும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் வேலுச்சாமி வந்துகொண்டே இருக்கிறார் என்பதுதான்.

எஸ்கேப் விசையை அழுத்தினேன். அதைத்தான் நானே முடக்கி வைத்திருந்தேனே. எல்லா விசைகளையும் மாறி மாறி அழுத்தினேன்; கீச் கீச் என்று கோழிக்குஞ்சு மாதிரி கத்தியது. பதறிப்போய்ப் பிரிண்டரை அணைத்தேன். பிரிண்டர் தயாராக இல்லை, மறுபடி முயலட்டுமா, ஆமாவா இல்லையா என்று திரை ஆங்கிலத்தில் கேட்டது. இன்டர்வியூவில் எதைக் கேட்டாலும் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். ஆமா என்று அழுத்தினேன். உதவுகிறேன் பேர்வழி என்று கணக்குப்பிள்ளை பிரிண்டரை மறுபடி போட்டுவிட்டார். வேலுச்சாமி புதுத் தெம்போடு வரத் தொடங்கினார்.

ஸ்டிக்கர் தாள் மேஜையிலிருந்து வழிந்து தரையில் மடிப்பு மடிப்பாக விழுந்தது. முதலாளி ஒரு முழம் எடுத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு பொறுமையாகக் கேட்டார்.

"ஏம்மா, என் மக கல்யாணத்துக்குக் கான்சாபுரத்துக்காரர் மட்டும் வந்தாப் போதுமா?"

அவர் இன்னும் ஒருமுறை வாசித்துவிட்டுக் கணக்குப்பிள்ளையிடம் திரும்பினார். "ஏமய்யா, யார் இந்த வேலுச்சாமி? கான்சாபுரத்துல நமக்கு ஆளே கெடையாதே."

கணக்குப்பிள்ளை ஏசியிலும் வியர்த்தார். "எங்க மாமனார் சார். சும்மா… அடிச்சுப் பழகலாம்னு மொதல்ல அவிய பேரைப் போட்டேன்."

"பழகுனீங்க சரி. பொறவு அழிக்கலியோ?"

கணக்குப்பிள்ளை மாமனாரைத் தரையிலிருந்து சுருட்ட ஆரம்பித்தார். சத்தமில்லாமல் போயிருக்க வேண்டிய ஒரு அழைப்பை நான் முந்நூறு தடவை அம்பலப்படுத்திவிட்டேன். அந்த மனிதரின் முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அப்போதுதான் கதவு திறந்து மெர்சி உள்ளே வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தாள். பாதியில் அணைத்தால் டிஸ்க் போய்விடும் என்று சென்டரில் எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்த அதே ஸ்விட்ச். அறை அமைதியானது. மறுபடி போட்டாள். டிஸ்க் எங்கேயும் போகவில்லை. என் புரோகிராமைத் திறந்தாள். கடைசிக்கு முந்தின இடத்தில் ஒரே ஒரு சொல்லை அடித்தாள். ஓட்டினாள்.

வேலுச்சாமி ஒரு தடவை வந்தார். அடுத்து வத்திராயிருப்பு வந்தது, அடுத்து கூமாப்பட்டி வந்தது. ஊர் ஊராக வந்துகொண்டே இருந்தது.

"எப்பிடிம்மா கண்டுபிடிச்ச?" என்றார் முதலாளி.

"எங்க நோட்டுல இந்த வரி விட்டுப் போயிருந்துச்சு சார். மொத தடவ போட்டப்ப எனக்கும் இப்பிடித்தான் வந்துச்சு."

விட்டுப் போயிருந்தது என்றாள். விட்டது யார் என்று சொல்லவில்லை. நம் மொழியில் இப்படி ஒரு வசதி இருப்பதற்காக அன்றைக்கு நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். கூடவே, தரை பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்றும் இருந்தது. வேலை மெர்சிக்குத்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவைப்படவில்லை. வெளியே வரும்போது முதலாளி கணக்குப்பிள்ளையிடம், "சரி, மாமனாருக்கும் ஒரு பத்திரிகை வச்சிருங்க, இம்புட்டு தூரம் வந்துட்டாரு" என்று சொல்வது கேட்டது.

பஸ் ஸ்டாண்டு வரை இருவரும் சேர்ந்தே நடந்தோம். என் பஸ் வந்து நின்றதும் மெர்சி கேட்டாள்.

"எத்தனதுல விட்டுருக்கட்டி?"

பொய் சொல்லத் திராணியில்லை. "எல்லாத்துலயும்."

"பதினொண்ணு நான் கண்டுபிடிச்சுட்டேன். பன்னெண்டாவதுல எதுன்னு இன்னும் தெரியல."

"எனக்கும் தெரியாது மெர்சி. குறிச்சு வச்ச நோட்டு முறுக்குக்கு அடியில போயிருச்சு."

என்ன முறுக்கு, ஏன் போயிற்று என்று எல்லாவற்றையும் அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டுச் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். பிறகு முடியாமல் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தாள். கோபித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. ஒவ்வொரு புரோகிராமும் ஓடாதபோது அவள் மிஷினையும் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை, உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். அவளைக் கெடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் அவளுக்கு மட்டும் நான் இலவசமாகப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

விஷயத்தைக் கேட்டதும் அப்பா அண்டை வீட்டுக்குப் போய், வேலை அடுத்த வருஷம் என்று திருத்திச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வருஷம் அதே சென்டரில் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். கரும்பலகையில் எழுதும்போது ஸ்கிப் என்ற சொல்லை முதலில் எழுதிவிட்டுத்தான் அதற்கு மேலேயும் கீழேயும் மற்ற வரிகளை எழுதுவேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் மெர்சிக்கு ஒரு அண்ணன் இருந்தார். அவருக்கு என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். வருவதற்கு முந்தின நாள் அவள் தன் அண்ணனிடம் சொன்னது இதுதான் என்று என் கணவர் பிற்பாடு சொன்னார்: "நல்ல பிள்ளதாண்ணே. யோசிக்காம கட்டிக்கோ. ஆனா அவ எதைச் சொன்னாலும் ஒரு வரி குறையும், அதை மட்டும் கேட்டு வாங்கிக்கிடணும்."

கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு என் மாமியார் ஆசைப்பட்டார் என்று அம்மா தன் கைப்பட முறுக்குப் பக்குவம் எழுதி அனுப்பினாள். சம்பந்தி வீட்டுக்கல்லவா, முழுதாக எழுதியிருப்பாள் என்று நானும் நம்பினேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்தது. மெர்சி அச்சை மாவில் முக்கித் தூக்கினாள். மாவு முழுதும் வழிந்து பாத்திரத்திலேயே விழுந்தது. இன்னொரு முறை முக்கினாள். அதுவும் நிற்கவில்லை. மாமியார், "நமக்குக் கைராசி இல்ல போல" என்று பெருமூச்சு விட்டார். மெர்சி அச்சைக் கையில் பிடித்தபடி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"மதினி," என்றாள். "ஸ்கிப் எங்க?"

சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டை விட்டு அந்த ரகசியம் வெளியே போனது அன்றைக்குத்தான். விஷயம் தெரிந்து அம்மா ஈஸ்டர் வரை என்னோடு பேசவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாமான் சீட்டோ, டாக்டர் சொன்னதோ, எதை நான் எடுத்துச் சொன்னாலும் என் கணவரும் பிள்ளைகளும் ஒரே குரலில் "ஸ்கிப் எங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் நம்புகிறார்கள்.

எனக்கும் ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அன்று காலை உள்ளே போன மெர்சியிடம் இரண்டு கட்டுத் தாள்கள் இருந்திருக்கும்: நான் எழுதிக் கொடுத்தது ஒன்று, அவள் திருத்தி வைத்துக்கொண்டது ஒன்று. தெரிந்துதான் என்னுடையதைக் கொடுத்தாளா? போன கிறிஸ்துமஸுக்கு முறுக்குச் சுடும்போது, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்.

"செத்த பொறுங்க மதினி, எண்ணெ காஞ்சிருச்சு," என்றாள் மெர்சி. அச்சை எண்ணெயில் இறக்கி, அது நன்றாகச் சுடுகிற வரைக்கும் என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.